காவலூருக்கு எந்தச் சனிக்கிழமை போகலாம்?

கேள்வி: எட்டு வயது மகளைக் காவலூர் வான் ஆய்வகத்துக்கு அழைத்துப் போக ஆசை. பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமை போனால் நிலவு நன்றாகத் தெரியும்தானே? பெரிய தொலைநோக்கியில் பார்க்க விடுவார்களா?

பதில்: பௌர்ணமியை ஒட்டிப் போகவே வேண்டாம். அன்று சூரிய ஒளி நிலவின் முகத்தில் நேராக விழுவதால் நிழலே இருக்காது. நிழல் இல்லாமல் மேடு பள்ளம் தெரியாது, கண்தான் கூசும். வீட்டு நாள்காட்டியில் வளர்பிறை சஷ்டியிலிருந்து தசமிக்குள் வரும் சனிக்கிழமையைத் தேடுங்கள். அப்போது ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டி ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நீண்ட நிழலோடு எடுப்பாகத் தெரியும். அஷ்டமியன்று பொழுது சாயும்போதே நிலவு உச்சிக்கு வந்துவிடும் என்பதால் குழந்தை தூங்குவதற்குள் பார்த்துவிடலாம். மாதங்களில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்குகிறது. அதில் சேரும் ஒளி ஆய்வாளர்களின் கருவிகளுக்குப் போகிறது. நாம் கண் வைத்துப் பார்க்க முடியாது. பொதுமக்களுக்குச் சிறிய தொலைநோக்கியில்தான் காட்டுவார்கள். இதை மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பகலிலேயே போய்ச் சேர்ந்தால் வளாகத்தையும் சுற்றிப் பார்க்கலாம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதன் வளையங்களை வெளிப்படுத்திய அந்த நிகழ்வை இங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கியும் பதிவு செய்தது. குழந்தைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டிய கதை இது.

என்னைக் கேட்டால், எதைப் பார்க்கிறோம் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதுதான் முக்கியம். வரிசையில் நிற்பவர்கள் பலரும் ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மூச்சைச் சீராக விட்டு, அரை நிமிடமாவது பார்க்கச் சொல்லுங்கள். காற்றின் அசைவு சற்று அடங்கும் கணங்களில்தான் வியாழனின் பட்டைகள் தெளிவாகும். பக்கத்தில் ஒரே கோட்டில் நிற்கும் புள்ளிகள் 1610இல் கலிலியோ கண்ட அதே நான்கு நிலவுகள். மிருகசீரிடம், திருவாதிரை இருக்கும் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் நெபுலாவை, அதாவது வாயுவும் தூசியும் சேர்ந்த மேகத்தைக் காட்டினால், அதை நேராக உற்றுப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்க்கச் சொல்லுங்கள். மங்கிய ஒளியை விழித்திரையின் ஓரப்பகுதியே நன்றாக உணரும். படங்களில் காணும் சிவப்பும் நீலமும் இருக்காது, சாம்பல் நிறம்தான் தெரியும். அத்தனை மங்கிய ஒளியில் கண்ணால் நிறம் பிரிக்க முடியாது.

கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். ஒருமுறை செல்போன் வெளிச்சம் பட்டால் போதும், அத்தனையும் வீண். டார்ச் வேண்டுமானால் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி எடுத்துப் போங்கள். குழந்தை தொலைநோக்கியைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னால் போதும். கிட்டப்பார்வைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம், குவியத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஜவ்வாது மலையில் இரவில் குளிரும், ஸ்வெட்டர் அவசியம். திரும்பி வர வண்டியைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் அந்த வாரம் பார்வையாளர் அனுமதி உண்டா என்று ஆய்வகத்தில் கேட்டுவிடுங்கள்.