முன்பின் தெரியாத கம்பெனிக்குப் போன் செய்வது எப்படி? வாசகர் கேள்விகள்

திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு அட்டைப் பெட்டி விற்கிறேன். "எங்களுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள்.

ஆள் இருக்கத்தான் செய்வார். பெட்டி இல்லாமல் அங்கே யாரும் சரக்கு அனுப்புவதில்லை. அந்த ஆளால் சமாளிக்க முடியாத இடம் எது என்று தெரிந்துகொள்ளத்தான் முதல் போன்.

பலரும் சொந்தக் கம்பெனியின் பெருமையில் ஆரம்பிக்கிறார்கள். எதிரே இருப்பவருக்கு அது தேவையே இல்லை. பெயர், ஊர், தொழில் சொல்லிவிட்டு உடனே கேள்விக்கு வாருங்கள்: "வணக்கம் சார், பல்லடத்துல இருந்து பேசறேன், அட்டைப் பெட்டி செய்யறோம். ரெண்டு நிமிஷம் பேசலாமுங்களா? கடைசி நேரத்துல பையர் பேக்கிங்கை மாத்திட்டா, புது அளவுல பெட்டி எத்தனை நாள்ல கிடைக்குதுங்க?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். "மூணு நாள் ஆயிடுது" என்று அவர் அலுத்துக்கொண்டால், அதுதான் உங்கள் வாசல். முழு ஆர்டரையும் கேட்காதீர்கள். அடுத்த அவசரத்துக்கு ஒரு முறை கூப்பிடச் சொல்லுங்கள். இப்போதைய சப்ளையரைக் குறை சொல்லவே கூடாது, அவர் முதலாளியின் மச்சானாகவும் இருக்கலாம். விலை கேட்டால், அளவும் எத்தனை பிளை (அட்டையின் அடுக்கு) என்பதும் தெரியாமல் சொல்ல வேண்டாம். பழைய பெட்டி ஒன்றை நேரில் வந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.

ரிசப்ஷனில் இருப்பவர் முதலாளிக்கு லைன் தருவதில்லை. "சாருக்கு என்னைத் தெரியும்" என்று சொல்லலாமா?

கூடாது. பொய் அன்றைக்கே தெரிந்துவிடும், அப்புறம் அந்தக் கதவு திறக்காது. முதலாளியை ஏன் தேடுகிறீர்கள்? "பேக்கிங் மெட்டீரியல் யாருங்க மேடம் பார்க்கறாங்க, எப்போ கூப்பிட்டா அவங்களுக்குத் தோதா இருக்கும்?" என்று கேளுங்கள். வழி கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள்.

எந்த நேரத்தில் கூப்பிடலாம்?

காலையில் வந்தவுடன் வேண்டாம், 11 மணிக்கு மேல் பேசலாம். திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பளம் போடும் நாள், அன்றைக்கு யாருக்கும் காது இருக்காது. கணக்குப் பிரிவில் பேச வேண்டுமென்றால், ஜிஎஸ்டி ரிட்டர்ன் நெருக்கும் 11, 20 தேதிகளை விட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகு காலம். அறிமுகத்துக்குத் தடையில்லை, ஆனால் ஆர்டரை உறுதி செய்யச் சொல்லி அப்போது நெருக்காதீர்கள். நம்புகிறவர் மனதில் அது உறுத்தும்.

"வாட்ஸ்அப்பில் அனுப்புங்க" என்றால் தட்டிக்கழிக்கிறாரா?

பாதிப்பேர் அப்படித்தான். "எந்த அளவு பெட்டிக்கு அனுப்பட்டுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அளவு சொன்னால் ஆர்வம் உண்டு. 20 பக்க கேட்டலாக்கை அனுப்பாமல், அவர் கேட்டதை மட்டும் அனுப்பி, வியாழக்கிழமை கூப்பிடுவதாகச் சொன்னால் வியாழக்கிழமையே கூப்பிடுங்கள்.

சொந்த மொபைலில் இருந்து தினமும் நிறைய பேரை அழைக்கிறேன். சிக்கல் வருமா?

வரும். விளம்பர அழைப்புகளுக்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 140-இல் தொடங்கும் எண்களை ஒதுக்கியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் விதி இன்னும் இறுகியது: 10 நாளில் 5 புகார் வந்தாலே நடவடிக்கை எடுக்கலாம். முதல் தடவை 15 நாள் அவுட்கோயிங் நிற்கும், தொடர்ந்தால் ஓராண்டு இணைப்பே போகும். 1909-க்குப் புகார் தருவது சுலபம். விளம்பர அழைப்பு செய்பவராக உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் பதிவு செய்துவிட்டு அழையுங்கள். "வேண்டாம்" என்றவர்களின் எண்களைத் தனியாகக் குறித்து வையுங்கள், அவர்களுக்கு மறுபடி போன் போகக் கூடாது.