அந்தக் கீச்சுக்குரல் மனுஷன்

கேள்வி: சார், '12 ஆங்க்ரி மென்' படத்துல கண்ணாடி போட்டுக்கிட்டு பயந்தாங்கொள்ளி மாதிரி உக்காந்திருப்பாரே அந்த ரெண்டாம் நம்பர் ஜூரி, அவர வேற எதுல பாக்கலாம்?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: அவர் ஜான் ஃபீட்லருங்க, 1925ல விஸ்கான்சின்ல பொறந்தவர். 1957ல வந்த அந்தப் படத்துல, அப்பாவக் குத்திக் கொன்னதா கேஸுல மாட்டுன ஒரு பையன் குத்தவாளியான்னு முடிவு பண்ண பன்னெண்டு ஜூரிங்க, அதாவது கோர்ட்ல தீர்ப்பு சொல்ல வந்த பொதுஜனங்க, உக்காந்து பேசுவாங்க. சுத்தி இருக்கிறவங்க கத்திக்கிட்டு இருக்க, இவர் பாட்டுக்கு இருமல் மிட்டாய் டப்பாவ நீட்டுவார் பாருங்க, ஆனா உயரமான அப்பாவ குள்ளமான பையன் மேலருந்து கீழ எப்படிக் குத்துனான்னு சந்தேகத்தக் கெளப்புறதும் இவர்தான்! ஹீரோவுக்கு வேணாம்னு சொல்ற அந்தக் கீச்சுக்குரல்தான் இவருக்கு சோறு போட்டுச்சு. 1961ல 'எ ரெய்சின் இன் த சன்' பாருங்க, கறுப்பினக் குடும்பம் எங்க வெள்ளக்காரத் தெருவுக்குக் குடிவர வேணாம்னு, தேன் ஒழுகப் பேசி காசு குடுக்க வர்ற ஆளு, எனக்கு வில்லன விட அந்தப் பணிவுதான் பத்திக்கிட்டு வந்துச்சு. 'ஸ்டார் ட்ரெக்'ங்கிற விண்வெளி டிவி தொடர்ல 1967ல ஒரு எபிசோட்ல இந்த அப்பாவி மூஞ்சிக்குள்ளதான் கொலைகாரப் பேயே புகுந்திருக்கும். அப்புறம் 'பாப் நியூஹார்ட் ஷோ'ங்கிற டிவி காமெடில மிஸ்டர் பீட்டர்சன். இதையெல்லாம் விடுங்க, உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கே இவரத் தெரியும், 1968லருந்து டிஸ்னியோட 'வின்னி த பூ' கார்ட்டூன் இங்கிலீஷ்ல அந்தக் குட்டிப் பன்னி பிக்லெட் சாகுற வரைக்கும் இவர் குடுத்த குரல்லதான் பேசுச்சு. 2005 ஜூன் 25ல எறந்தார், அதுக்கு மொத நாள்தான் அதே கார்ட்டூன்ல டிகர் புலிக்குக் குரல் குடுத்த பால் வின்செல் போனார்.