கனோலா வைத்தியம் வாழை வாடலுக்குப் பொருந்துமா?

கேள்வி: கனடாவில் கனோலா (கடுகு இனத்து எண்ணெய்ப் பயிர்) பண்ணையில் வேலை செய்யும் தம்பி, வேர் வீக்க நோய்க்குச் சுண்ணாம்பும் மாற்றுப் பயிரும்தான் வழி என்கிறான். திருவட்டாரில் எங்கள் ரசகதலி வாழை வாடுகிறது. இதே வழி உதவுமா?

பாதி உதவும்.

தம்பி சொல்வது கனோலா வேரை முண்டும் முடிச்சுமாக வீங்கவைக்கும் நோய். கனடாவின் அல்பர்ட்டா மாகாணக் கனோலா வயல்களில் 2003-இல் தெரியவந்தது. அமில மண்ணில்தான் அதன் ஆட்டம். அதனால் சுண்ணாம்பு, அப்புறம் ஒரு கனோலாவுக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது 2 வருட இடைவெளி.

உங்கள் வாழையில் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்குகிறதா? ஒரு கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். செம்பழுப்புப் புள்ளியும் கோடும் இருந்தால் அது ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடல். இந்தப் பூஞ்சை மண்ணில் பல்லாண்டு உறங்கும். 2 வருடம் இதற்குப் பத்தாது.

நம்ம பக்கத்துச் செம்மண் பெரும்பாலும் அமிலம். மண் பரிசோதனை செய்து, அளவு தெரிந்து சுண்ணாம்பு போடுங்கள். நோய் மட்டுப்படும், ஒழியாது. தோட்டம் ஏலாவில் (நெல்வயல் பரப்பில்) என்றால் கொஞ்ச காலம் நெல்லுக்குத் திரும்புங்கள், தேங்கும் தண்ணீரில் பூஞ்சை குறையும். (வயலை வாழையாக்கியவர்களுக்கு இது கசக்கும், தெரியும்.) மேட்டு நிலமா? ரசகதலியை விட்டு நேந்திரன் வையுங்கள், அவ்வளவு எளிதில் விழாது. கன்றை மட்டும் நோயில்லாத தோட்டத்தில் எடுங்கள்.

வாடிய வாழை மூட்டில் கொத்திய மண்வெட்டியை அடுத்த மூட்டுக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். கனடாவிலும் இயந்திரத்தில் ஒட்டிய மண்ணைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த வயலில் இறங்கச் சொல்கிறார்கள்.