மலைக்குத் திரும்பும் முன்: பேற்றுக்குப் பிந்திய வயிறும் இடுப்பும்

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 28. இரண்டாவது பிள்ளை சிசேரியனில் பிறந்து 9 வாரமாகிறது. இன்னும் சில நாள்களில் லீவு முடிந்து கொழுந்து பறிக்க மலைக்குப் போக வேண்டும். வயிறு இன்னும் ஐந்து மாதக் கர்ப்பம்போலவே தெரிகிறதென்றும், லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) படிக்கட்டில் ஏறும்போது இருமினால் சிறுநீர் கசிந்துவிடுகிறதென்றும், கூடையை மாட்டிக்கொண்டு தேயிலைச் செடி நிரையில் நிற்க முடியுமா என்று பயமாக இருப்பதாகவும், கூச்சத்தில் வெளியே போவதையே குறைத்துக்கொண்டதாகவும் சொல்கிறார். மாமியார் துணியால் வயிற்றை இறுக்கிக் கட்டிவிடுகிறாராம். வயிறு குறைய என்ன பயிற்சி செய்யலாம் என்பதுதான் அவருடைய கேள்வி.

சகோதரி, நீங்கள் வயிற்றைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்; நான் கசிவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள். நெஞ்சுக்குக் கீழே மூச்சுவிட உதவும் உதரவிதானம், முன்னால் வயிற்றுத் தசைகள், அடியில் சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் என்று நம் நடுவுடல் ஒரு மூடிய பாத்திரம்போல இருக்கிறது. இருமும்போதும் பாரம் தூக்கும்போதும் அதற்குள் அழுத்தம் கூடி, எந்தப் பக்கம் தளர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் வெளியேறப் பார்க்கும். ஒன்பது மாதம் பிள்ளையைச் சுமந்தது அந்தத் தளம்தான் என்பதால், சிசேரியன் செய்துகொண்டவர்களுக்கும் அது தளர்கிறது. இந்த நிலையில் மல்லாந்து படுத்து எழும்பும் பயிற்சியை அவசரப்பட்டுத் தொடங்கினால் அழுத்தம் இன்னும் கீழே தள்ளப்பட்டுக் கசிவு கூடலாம். வயிறு குறைய வேண்டுமென்று இந்தப் பயிற்சியைச் செய்து, கசிவோடு திரும்பி வந்த தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் வயிற்றை நீங்களே சோதித்துப் பாருங்கள். முழங்கால்களை மடித்து மல்லாந்து படுத்து, ஒரு கையின் விரல்களைத் தொப்புளின்மேல் குறுக்காக வைத்து, தலையையும் தோளையும் மெல்லச் சற்றே உயர்த்துங்கள். வயிற்றின் இரு பக்கத் தசைகளும் விறைக்கும்போது நடுவில் ஒரு பள்ளம் தட்டுப்படும்; அதில் எத்தனை விரல் அடங்குகிறது என்று பாருங்கள். தொப்புளுக்குச் சற்று மேலும் கீழும் இதையே செய்யுங்கள். இரண்டு விரல் அளவு என்றால் கீழே சொல்லும் பயிற்சி போதுமானதாக இருக்கும். அதற்கு மேல் இருந்தாலோ, எழும்பும்போது வயிற்றின் நடுவில் கூரை முகடுபோல் ஒன்று புடைத்தாலோ, இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) காட்ட வேண்டும். சிசேரியனில் வயிற்றுத் தசையை வெட்டிவிட்டார்கள், இனிச் சேராது என்று லயங்களில் சொல்வதுண்டு. பெரும்பாலும் அந்தத் தசைகளை வெட்டுவதில்லை, நடுவில் விலக்கித்தான் உள்ளே போகிறார்கள்.

மாமியார் கட்டிவிடும் துணி எழுந்து நடக்கும்போது ஆதரவாக இருக்குமானால் இருக்கட்டும். ஆனால் துணி தசையைச் சேர்த்து வைக்காது. மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கினால் அந்த அழுத்தமும் இடுப்புத் தளத்தின்மேல்தான் இறங்கும். உள்ளங்கை தாராளமாக உள்ளே போகும்படி கட்டச் சொல்லுங்கள், படுக்கும்போது அவிழ்த்துவிடுங்கள்.

இனி பயிற்சி. காற்றுப் பிரிவதையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல் அடித்தசைகளை உள்ளேயும் மேலேயும் இழுங்கள். தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது, மூச்சை அடக்கவும் கூடாது. ஐந்து எண்ணும்வரை பிடித்து, முழுதாகத் தளரவிட்டு, பத்துத் தடவை செய்யுங்கள். நாளைக்கு மூன்று வேளை. பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காரும் நேரத்தோடு இதைச் சேர்த்துக்கொண்டால் மறக்காது. மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். இரண்டு வாரத்தில் மாற்றமில்லையென்று பலர் விட்டுவிடுகிறார்கள். இதோடு, படுத்தபடி மூச்சை வெளியே விட்டுக்கொண்டே அடிவயிற்றை முதுகுப் பக்கம் மெல்ல உள்ளிழுத்துப் பிடிக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கட்டிலும் பயன்படுத்த வேண்டும். இருமலோ தும்மலோ வருகிறது என்று உணர்ந்த நொடியில் அடித்தசையை இழுத்துப் பிடித்துவிட்டு இருமுங்கள். படி ஏறும்போது காலைத் தூக்கி வைக்கும் கணத்தில் மூச்சை வெளியே விடுங்கள். குடம் தூக்கும்போதும் அப்படியே.

கூடைக்குத் தனியாகப் பழக வேண்டும். தலையிலிருந்து தொங்கும் பாரம் கழுத்தை இழுத்து, இடுப்பை முன்னுக்குத் தள்ளும். சரிவில் நின்றபடி பறிக்கும்போது அது இன்னும் கூடும். மீதமிருக்கும் நாள்களில் வெறுங்கூடையை மாட்டிக்கொண்டு லயத்துப் பாதையில் பத்து நிமிடம் நடங்கள். சில நாள் சென்றபின் இரண்டு கிலோ அரிசியைப் போட்டு நடங்கள். கசிவோ, அடியில் ஏதோ இறங்குவதுபோன்ற கனமோ, தழும்பில் இழுவையோ வராதபோது மட்டும் பாரத்தைக் கூட்டுங்கள். வேலைக்குப் போனதும் கூடை நிறையக் காத்திராமல் நிரை முடிவில் சாக்கில் கொட்டிக் கொட்டிப் பறியுங்கள். முதல் வாரங்களில் நாளைக்கு 18 கிலோ, 20 கிலோ கொழுந்து என்ற கணக்கை எட்ட முடியாமல் போகலாம். அதை முன்கூட்டியே, வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் சொல்லிவைப்பது நல்லது. தோட்டத்தில் வேலை செய்யும் தாய்க்கு, பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளைகள் சட்டப்படி உண்டு. வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குப் போய்வரும் அந்த நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

சாப்பாட்டைக் குறைத்து வயிற்றைக் குறைக்க நினைக்காதீர்கள். பாலூட்டும் உடம்புக்கு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகத் தேவை. ரொட்டியும் சம்பலும் மட்டும் போதாது. பருப்பு, முட்டை, நெத்தலி, கீரை, கிளினிக்கில் கிடைத்தால் திரிபோஷா என்ற சத்துமா, இவை வேண்டும். தேயிலை பறிப்பவர்களிடம் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்: சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன் டீ, உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணீரோடு ஒருபோதும் போடாதீர்கள். படி ஏறும்போது வரும் களைப்பும் படபடப்பும் இரத்தச் சோகையாக இருக்கலாம் என்பதால் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வெளியே போகக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கசிவு குறைந்தால் அதில் பாதி போய்விடும் என்பது என் அனுபவம். அதுவரை ஒரு நாப்கினை வைத்துக்கொண்டு, பிள்ளையோடு தினமும் சமமான பாதையில் கால் மணி நேரம் நடந்துவாருங்கள். எதிலும் மனம் ஒட்டாமல், அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது கூச்சமல்ல, மருந்துள்ள ஒரு நோய். மருத்துவ மாதுவிடம் சொல்லலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கும் அழைக்கலாம்.

ஒரு காலின் கெண்டைத் தசை மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத்திணறல், காய்ச்சல், நின்ற இரத்தப்போக்கு மறுபடி அதிகமாக வருதல், தழும்பு சிவந்து நீர் கசிதல் ஆகிய எதுவும் தெரிந்தால் பயிற்சியை நிறுத்தி அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். மற்றப்படி, லீவு முடியுமுன் கிளினிக்குக்குப் போய், “எனக்குச் சிறுநீர் கசிகிறது” என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். “கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது” என்று மழுப்பினால் சத்து மாத்திரை தந்து அனுப்பிவிடுவார்கள். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற அரசாங்க வைத்தியசாலைகளில் இயன்மருத்துவச் சிகிச்சை இலவசம்; அதற்கான கடிதத்தையும், பாரம் குறைந்த வேலை தரும்படி தோட்டத்துக்கு ஒரு கடிதத்தையும் கிளினிக்கிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.