வீட்டில் தமிழாகத் தெரியும் ஸ்லைடுகள் பள்ளியில் ஆங்கில எழுத்துகளாக மாறுவது

வீட்டில் தமிழாகத் தெரியும் பாட ஸ்லைடுகள் பள்ளிக் கணினியில் ஆங்கில எழுத்துகளாக மாறுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கோப்பு பழுதாகவில்லை. நாளைய வகுப்புக்கு, சேலத்தில் உள்ள வீட்டுக் கணினியிலேயே அதைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து ஏற்காட்டுப் பள்ளிக்கு எடுத்துச் செல்லுங்கள், ஸ்மார்ட் போர்டில் தமிழ் அப்படியே தெரியும். அசைவூட்டமும் காணொளியும் மட்டும் அதில் இயங்கா.

நீங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்க வேண்டும். அத்தகைய எழுத்துரு கோப்பில் ஆங்கில எழுத்துகளையே சேமித்து, அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துவதால், அது நிறுவப்படாத பள்ளிக் கணினியில் அடியில் உள்ள ஆங்கில எழுத்துகள் வெளிப்பட்டுவிடுகின்றன.

உறுதி செய்ய, ஸ்லைடில் ‘தமிழ்’ என்ற சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஜே, கே, பி (p), ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வந்தால் அது பாமினி வகைதான். தமிழாகவே வந்தால் காரணம் வேறு; அப்போது பள்ளிக் கணினியின் விண்டோஸ் பதிப்பை இங்கே எழுதுங்கள்.

நிலையான தீர்வு, எழுத்துரு மாற்றி என்ற மென்பொருளின் வழியே, தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றுவதுதான். பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பாடங்கள் ஓர் எழுத்துருவை நம்பிக் கிடக்கக் கூடாது என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

ஆனால் அந்த மாற்றி மென்பொருள், ஆங்கிலச் சொற்களையும் வேதியியல் குறியீடுகளையும் தமிழென்று எண்ணிச் சிதைத்துவிடும். மூலக் கோப்பின் நகலை வைத்துக்கொண்டு, தமிழ்ப் பகுதிகளை மட்டும் தனித்தனியே மாற்றுங்கள்.