புதுப் பெல்ற் போட்டும் பாட்டு இழுபடுகிறது

கேள்வி: பெரியப்பா ரொறன்ரோவிலிருந்து கொக்குவிலுக்கே திரும்பி வந்துவிட்டார். அங்கே பழையதாக வாங்கிய, 1970களில் செய்த பெல்ற் றெக்கோட் பிளேயர் ஒன்றையும் கொண்டுவந்தார். ட்ரான்ஸ்போமர் வைத்துத்தான் ஓட்டுகிறோம். பாட்டு இழுபடுகிறது, குரல் தடிக்கிறது. பெல்ற் மாற்றியும் அதே கதைதான். என்ன செய்யலாம்?

பதில்: பெல்ற்றை விடுங்கள். கனடாவிலிருந்து வந்த இப்படியான கருவிகள் சிலவற்றை நான் திறந்து பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் பெல்ற் புதிதாகத்தான் இருந்தது.

அங்கே மின்சாரம் 120 வோல்ற், 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 துடிப்பு. இங்கே 230 வோல்ற், 50 ஹெர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வோல்ற்றைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸைத் தொடாது. அந்தக் காலத்துப் பெல்ற் பிளேயர்கள் பலவற்றில் இருப்பது சிங்க்ரனஸ் மோட்டர். மின்சாரத்தின் துடிப்பு எந்த அளவு குறைகிறதோ அதே அளவு அதன் வேகமும் குறையும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வரவேண்டிய தட்டு இங்கே 27.8 சுற்றுத்தான் வரும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடுவார். குரல் தடிப்பது இதனால்தான்.

முதலில் இதை உறுதிசெய்யுங்கள். தட்டின் ஓரத்தில் சின்னக் கடுதாசித் துண்டு ஒன்றை ஒட்டி, சரியாக மூன்று நிமிடம் சுற்றுகளை எண்ணுங்கள். நூறு வரவேண்டும். 83 வந்தால் ஹெர்ட்ஸ்தான் காரணம். 95, 96 என்று வந்து, எண்ணும்போதெல்லாம் மாறினால் பெல்ற் வழுக்குகிறது, அல்லது அச்சு இறுகிவிட்டது. டிசி மோட்டர் உள்ள பிளேயருக்கு ஹெர்ட்ஸ் ஒரு பொருட்டில்லை. வேகத்தைச் சரிசெய்ய அதில் சின்னத் திருகாணி இருக்கும்.

83 என்றால் மோட்டர் தண்டில் இருக்கும் புல்லியை, அதாவது பெல்ற் ஓடும் சின்னச் சக்கரத்தை, மாற்றவேண்டும். உங்கள் மொடலுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி கிடைத்தால் அதுவே சிறந்த வழி. கிடைக்காவிட்டால் நல்ல லேத் பட்டறையில் பித்தளையில் கடையலாம். பழைய புல்லியின் விட்டத்தை 1.2-ஆல் பெருக்குங்கள், 33, 45 வேகங்களுக்கான இரண்டு படிகளையும்தான். பெல்ற்றின் தடிப்பும் கணக்கில் சேருவதால், வரும் அளவைவிட ஒரு மயிரிழை பெரிதாகவே கடையச் சொல்லுங்கள். பத்து மில்லிமீற்றர் புல்லியில் 0.1 மில்லிமீற்றர் பிசகினால் வேகம் நூற்றுக்கு ஒன்று மாறிவிடும். தண்டு நுழையும் துளை நடுவில் இல்லாவிட்டால் சுருதி ஆடும். வீணையோ நாதஸ்வரமோ கேட்கும்போது அது தாங்காது. பழைய புல்லியின் நடு மெல்ல மேடாக இருந்தால் புதியதிலும் அந்த மேடு வேண்டும். பெல்ற்றைக் கழன்றுபோகாமல் பிடிப்பது அதுதான். செலோரேப் சுற்றிப் பெரிதாக்கும் வேலை மட்டும் வேண்டாம். நம்மூர் வெயிலுக்குப் பசை இளகி, பெல்ற் முழுவதும் ஒட்டும்.

புல்லி மாறினாலும் மோட்டர் 120 வோல்ற்தான். ட்ரான்ஸ்போமர் இல்லாமல் செருகினால் எரிந்துவிடும். ட்ரான்ஸ்போமரை ஊசிக் கையிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். பக்கத்தில் இருந்தால் 'ம்ம்' என்ற இரைச்சல் பாட்டுக்குள் வரும்.

செருகியைக் கழற்றித் தட்டைத் தூக்கியிருக்கும்போதே அச்சையும் பாருங்கள். பழைய கிறீஸைத் துடைத்தெடுத்து, தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும். தேங்காயெண்ணெய் ஆகவே ஆகாது, நாள்பட்டால் பிசினாகும். பெல்ற் ஓடும் இடங்களை ஸ்பிரிட்டால் துடையுங்கள். அந்த ஸ்பிரிட் துணியால் பழைய 78 சுற்று றெக்கோட்டுகளைத் துடைக்கவேண்டாம். அவை அரக்கில் செய்தவை, ஸ்பிரிட் பட்டால் கரையும். பெரியப்பாவிடம் அப்படி ஏதும் இருந்தால் இப்போதே சொல்லிவையுங்கள்.

புதுப் புல்லி போட்டபின் திரும்பவும் மூன்று நிமிடம் எண்ணுங்கள். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் காதுக்குப் பெரிதாகத் தெரியாது. 103, 104 என்று வந்தால் புல்லி பெரிது. அதே லேத்தில் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்து குறைக்கலாம்.