பைண்டர் பதில்கள்: முன் தாளைக் கிழிக்காதீர்கள்

(குன்னூரில் 40 ஆண்டுகளாகப் பழைய புத்தகங்களைப் பிரித்துத் தைத்துக் கட்டித் தருபவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: என் மாமனார் சிலோனிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் தடித்த ஷேக்ஸ்பியர் புத்தகம் ஒன்று இருக்கிறது. தலைப்புப் பக்கத்தில் 1623 என்று போட்டிருக்கிறது. கோடிக்கணக்கில் போகும் என்கிறான் மகன். ஒரு வியாபாரி 2,000 ரூபாய்க்குக் கேட்டார். முன் தாளில் கிறுக்கியிருப்பதை எடுத்துவிட்டால் இன்னும் கூட்டித் தருகிறாராம். எடுத்துவிடலாமா? – வாசகி, கோத்தகிரி

எடுக்காதீர்கள், அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் அனுப்பிய நான்கு படங்களையும் பார்த்தேன். புத்தகத்துக்குப் பக்கத்தில் தீப்பெட்டியை வைத்துப் படம் எடுத்தது நல்ல யோசனை. உயரம் நான்கு தீப்பெட்டி, அதாவது சுமார் 20 சென்டிமீட்டர். 1623இல் லண்டனில் அச்சான முதல் தொகுப்பு 30 சென்டிமீட்டருக்கு மேல் உயரம், 900 பக்கத்துக்கு மேல். ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு வருடம் கழித்து, அவரோடு நடித்த ஹெமிங்ஸ், காண்டெல் என்ற இரண்டு பேர் சேர்த்து வெளியிட்டது அது. அதில் 36 நாடகங்கள். அவற்றில் 18 அதற்கு முன் அச்சேறவே இல்லை. இவர்கள் சேர்த்து வைத்திருக்காவிட்டால் 'மாக்பெத்' இன்று நம் கைக்கு வந்திருக்குமா என்பதே சந்தேகம். உலகம் முழுக்க 230 பிரதிகளுக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சியிருக்கின்றன. 2020இல் நியூயார்க்கில் ஒரு பிரதி ஏறத்தாழ ஒரு கோடி டாலருக்கு ஏலம் போனது. உங்கள் மகன் பார்த்தது அந்தச் செய்தியாகத்தான் இருக்கும்.

உங்களிடம் இருப்பது அதைப் படம் பிடித்து, சிறிதாக்கி, 1876இல் லண்டனில் அச்சடித்த நகல். நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில் பதிப்பகத்தாரின் பெயரோடு அந்த ஆண்டும் தெரிகிறது. தலைப்புப் பக்கத்தையும் அப்படியே படம் பிடித்ததால்தான் அதில் 1623 இருக்கிறது. யாரும் ஏமாற்றுவதற்காகச் செய்ததல்ல. கோடி வராது, லட்சமும் வராது.

சரி, இனி அந்தக் 'கிறுக்கல்'. மேலே மசியில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயர், 'டிக்கோயா, 1911'. டிக்கோயா சிலோன் மலையிலுள்ள தேயிலை ஊர். அதற்குக் கீழே பென்சிலில் தமிழ். உங்கள் மாமனார் பங்களா அப்புவாக, அதாவது துரை வீட்டு வேலைக்காரராக, இருந்தார் என்று எழுதியிருந்தீர்கள். கடைசித் துரை ஊருக்குப் போகும்போது சாமான்களோடு இதையும் கொடுத்திருப்பார். மாமனாருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் வீட்டிலிருந்த ஒரே கெட்டியான தாள் இதுதான். அதில் ஐந்து பிள்ளைகளின் பிறப்பை எழுதி வைத்திருக்கிறார். நான்காவது வரியைப் படத்தைப் பெரிதாக்கி வாசித்தேன்: 'ஆடி மாசம், செவ்வாய், பெரட்டு நேரம், பொண்ணு.' தோட்டத்தில் விடிகாலை ஆள் கணக்கு எடுப்பதைத்தான் பெரட்டு என்போம். கடிகாரம் இல்லாத லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிள்ளை பிறந்த நேரத்துக்கு அதுதான் கணக்கு.

எனக்குப் பிறந்த தேதி கிடையாது. பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் ஜூன் 1 என்று எழுதிக்கொண்டார். அதுதான் இன்றுவரை. உங்கள் கணவருக்கும் அவருடைய உடன்பிறந்தவர்களுக்கும் அவர்கள் அப்பா கையால் எழுதிய தேதி இருக்கிறது. அதை ரப்பர் வைத்து அழிப்பதா?

நான் ஒருமுறை அப்படிச் செய்தவன். 1986, தொழில் பழகிக்கொண்டிருந்த காலம். ஊட்டியிலிருந்து வந்த ஒரு ஷேக்ஸ்பியர், 1864இலிருந்து பல முறை அச்சான 'குளோப்' பதிப்பு. எல்லா நாடகமும் ஒரே புத்தகத்தில், பொடி எழுத்தில் இருக்கும். முன் தாள் கறையாக இருந்தது. அழகாக இருக்கட்டும் என்று அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் ஒட்டினேன். கொடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. பல வருடம் கழித்து அவர் மகள் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, 'இதில் அப்பா அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த வரி இருந்ததே, எங்கே?' என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து கறையோ, எறும்பு ஊர்ந்த தடமோ, எதுவானாலும் முன் தாள் புத்தகத்தோடுதான் திரும்பிப் போகும். விற்பதா வேண்டாமா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. என்னைக் கேட்டால், விற்க வேண்டாம்.

கேள்வி: மழைக்காலத்தில் புத்தகங்களில் பூஞ்சணம் பிடிக்கிறது. தோல் அட்டை செம்பொடியாக உதிர்கிறது. எண்ணெய் தடவலாமா? – வாசகர், ஊட்டி

எண்ணெய் கூடாது. கறையும் பிசுக்கும்தான் மிஞ்சும். உதிரும் தோல் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பதனிட்டது. அது தோலுக்குள்ளேயே வந்த நோய், திருப்ப முடியாது. மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியில் படுக்க வையுங்கள். பூஞ்சணத்தை வீட்டுக்கு வெளியே வைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காய்ந்த மென்தூரிகையால் தட்டுங்கள். வெயிலில் விரித்துப் போடாதீர்கள், அட்டை வளைந்துவிடும். காற்றோட்டமான நிழல் போதும்.

ஊட்டியில் நான் பார்த்த வீடுகளில் பாதிச் சேதம் அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டி வைப்பதால் வருவது. நாலு விரல் தள்ளி வையுங்கள். இராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து போடலாம். பழைய பைண்டர்கள் மைதா பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். என் குருவும் கலந்தார். பூச்சி வராது, ஆனால் நாளடைவில் தாள் பழுத்துவிடும். நான் நிறுத்திவிட்டேன். கிழிசலில் செலோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

கேள்வி: அப்பா ஆங்கில ஆசிரியர். அவர் விட்டுப்போன நாடகப் புத்தகங்கள் இரண்டு பீரோ நிறைய இருக்கின்றன. எனக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. பழைய பேப்பர் கடைக்குப் போடுவதைத் தவிர வழி இருக்கிறதா? – வாசகி, குன்னூர்

எனக்கும் வராமல் இருந்ததுதான். சார்ல்ஸ் லாம்பும் அவர் அக்கா மேரியும் 1807இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இருபதைச் சிறுவர்களுக்கான கதையாக எழுதினார்கள். பள்ளிப் பதிப்பாக அது எங்கள் கடைக்கு நூறு தடவை வந்திருக்கும். பசை காயும் நேரத்தில் அதை வைத்துத்தான் எழுத்துக் கூட்டினேன். இன்பியல் கதைகளை மேரி எழுதினார், துன்பியலைச் சார்ல்ஸ். ஆனால் முதல் பதிப்பில் அக்காவின் பெயர் இல்லை. உங்கள் அப்பாவின் பீரோவில் அது கட்டாயம் இருக்கும், தேடிப் பாருங்கள். கூடவே பம்மல் சம்பந்த முதலியாரின் தமிழ்ப் பிரதிகள் கிடைத்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார், வெனிஸ் வணிகனை 'வாணிபுர வணிகன்' ஆக்கினார். வாசிக்க வாசிக்க ஆங்கிலப் புத்தகத்தின் மேலுள்ள பயம் போய்விடும்.

அப்பா ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதிய பிரதிகளைத் தனியாக எடுத்து வையுங்கள். மீதியைக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுக்கலாம். கடைக்காரர் எடைக்குத்தான் எடுப்பார்.

கேள்வி: ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். குடிபெயர்ந்தோரின் வாழ்க்கைக் கதை ஒன்றை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நண்பர்கள் அமெரிக்கா, லண்டன் என்று எழுதுகிறார்கள். எங்கள் அம்மாயி 1970களில் சிலோனிலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். அது இந்தக் கணக்கில் வருமா? கேட்டால் 'என்னத்தச் சொல்ல' என்று எழுந்து போய்விடுகிறார். – வாசகர், கூடலூர்

தம்பி, வரும். உன் அம்மாயி வந்த அதே பாதையில் 1974இல் பத்து வயதுப் பையனாக நானும் வந்தேன். அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நம் முன்னோர் முதலில் சிலோன் காப்பித் தோட்டத்துக்கும், காப்பி நோய் விழுந்து அழிந்தபின் தேயிலைக்கும் போனவர்கள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மலைக்கு நடந்தார்கள். நூறு வருடத்துக்கும் மேல் அங்கே பிறந்து செத்தார்கள். 1948இல் சிலோனில் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை எந்த நாட்டுக்கும் ஆகாதவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிலோன் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. 1974இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். உன் கட்டுரையில் இந்தக் கணக்கை ஒரே பத்தியில் சொல்லிவிடு. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி இன்னொரு நாட்டுக்கும் ஆனதை மற்ற பக்கங்களில் எழுது.

மலையிலிருந்து எங்களை ஏற்றி வந்த ரயிலுக்கு அங்கே 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். அட்டன் ஸ்டேஷனில் எங்கள் பெரியம்மா ரயிலோடு ஓடி வந்தது நினைவிருக்கிறது. தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், பிறகு மண்டபம் முகாம். அந்த முகாம் முன்பு சிலோனுக்குப் போகும் கூலிகளை அடைத்து வைத்துச் சோதித்து அனுப்பிய இடம். கொள்ளுத்தாத்தா போன வாசல் வழியாகவே நான் திரும்பி வந்தேன் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அரசு 1968இல் இந்த மலைகளில் தேயிலை போட ஆரம்பித்ததே திரும்பி வருகிறவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக. உங்கள் கூடலூர், பந்தலூர், சேரம்பாடி பக்கத்து டான்டீ (அரசுத் தேயிலைக் கழகம்) தோட்டங்கள் அப்படி எழுந்தவை. அங்கே எங்களை 'இந்தியாக்காரன்' என்றார்கள். இங்கே வந்ததும் 'சிலோன்காரன்' ஆனோம்.

நீ ஆங்கில இலக்கிய மாணவன் என்பதால் இன்னொன்று. 'சர் தாமஸ் மோர்' என்று ஒரு பழைய நாடகம் உண்டு. பலர் சேர்ந்து எழுதிய கையெழுத்துப் பிரதி, லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் மூன்று பக்கம் ஷேக்ஸ்பியரின் கையெழுத்து என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். 1844 வரை அச்சேறவில்லை. உங்கள் நூலகத்துப் பழைய ஷேக்ஸ்பியர் தொகுப்புகளில் தேடினாலும் கிடைக்காது, புதிய பதிப்புகளைப் பார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அந்த மூன்று பக்கக் காட்சியை ஜெராக்ஸ் எடுத்து, கட்டித் தரச் சொல்லிக் கொடுத்தார். உட்கார வைத்து அர்த்தமும் சொன்னார்.

காட்சி இதுதான்: 1517 மே மாதம் லண்டன்காரர்கள் வெளிநாட்டுத் தொழிலாளிகளை அடித்து விரட்டக் கிளம்புகிறார்கள். நகர அதிகாரியான மோர் கூட்டத்தின் முன்னால் நின்று பேசுகிறார். முதுகில் குழந்தையும் கையில் சொற்ப மூட்டை முடிச்சுமாகக் கப்பலேறத் துறைமுகத்துக்குக் கால் தேய நடக்கும் அந்த அந்நியர்களை நினைத்துப் பாருங்கள் என்கிறார். நாளை உங்களை ராஜா நாடு கடத்தினால் எங்கே போவீர்கள், எங்கே போனாலும் நீங்களும் அந்நியர்தானே என்று கேட்கிறார். அரசாங்கத் தணிக்கை அதிகாரி கலகக் காட்சியையே எடுத்துவிடச் சொல்லிப் பிரதியில் எழுதி வைத்திருக்கிறார். ஷேக்ஸ்பியரும் லண்டனில் ஒரு காலம் பிரான்சிலிருந்து வந்த குடும்பத்தோடு குடியிருந்தவர். பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்து விற்ற வீடு அது. 1612இல் அந்த வீட்டு வழக்கில் சாட்சி சொன்னபோது போட்ட கையெழுத்து இன்றும் இருக்கிறது.

அந்த 'முதுகில் குழந்தை' வரியைக் கேட்டதும் நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். அத்தனை வருடம் கொழுந்துக் கூடை சுமந்த முதுகில் அம்மா அன்று தங்கச்சியைக் கட்டியிருந்தார். தலைமன்னாரில் கப்பலேறும் பாலத்தில் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டேதான் நான் நடந்தேன்.

அம்மாயியிடம் 'உங்கள் கதையைச் சொல்லுங்கள்' என்று கேட்காதே. யாருக்கும் அப்படி வராது. பெட்டியில் என்ன கொண்டு வந்தீர்கள், எதை விட்டுவிட்டு வந்தீர்கள், ஸ்டேஷனுக்கு யார் யார் வந்தார்கள் என்று கேள். தோட்டத்துக் காமன் கூத்தில் ரதி வேஷம் யார் கட்டினார்கள் என்று கேள். எங்கள் தோட்டத்தில் சித்தப்பாதான் ரதி. மன்மதன் எரிந்ததும் அவர் அழும் அழுகையில் மொத்த லயமும் அழும். ஷேக்ஸ்பியர் காலத்திலும் பெண் வேஷம் பையன்கள்தான் கட்டினார்கள், உன் ஆசிரியருக்கும் அதைச் சொல்லலாம். அம்மாயி பாட ஆரம்பித்தால் குறுக்கே கேள்வி கேட்காதே, பாடி முடிக்கட்டும். அவர் சொல்கிற சொல்லையே எழுது. 'பெரட்டு' என்றால் பெரட்டு.

சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்குக் கொடுத்த ஃபேமிலி கார்டு வீட்டில் இருக்கிறதா என்று பார். மடிப்பில் விட்டுப் போயிருக்கும். லேமினேஷன் கடைக்கு மட்டும் கொண்டு போய்விடாதே. குன்னூர் வரும்போது எடுத்து வா, பின்பக்கம் மெல்லிய தாள் ஒட்டித் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம். அம்மாயியும் வந்தால் இன்னும் நல்லது. எந்தத் தோட்டம் என்று கேட்க வேண்டும்.